நெஞ்சு ஸ்கேனில் 'நெறி' என்று வந்தால்

இரண்டு நாள் தூங்காத கண்களோடு, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். 'மீடியாஸ்டைனல் லிம்ப் நோடு வீக்கம்' என்று அதில் ஒரு வரி இருக்கும், நெஞ்சின் நடுவில் உள்ள நிணநீர் முடிச்சு வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். இணையத்தில் தேடியிருப்பார்கள், முதலில் கண்ணில் பட்டது புற்றுநோய். காலில் புண் வந்தபோது தொடை இடுக்கில் நெறி கட்டியது ஞாபகம் இருக்கிறதா என்றுதான் அவர்களிடம் முதலில் கேட்பேன்.

அதே நெறிதான் இதுவும். மூச்சுக்குழாயை ஒட்டி எல்லோருக்குமே நிணநீர் முடிச்சுகள் உண்டு, நுரையீரலுக்குள் போகும் கிருமியையும் தூசியையும் வடிகட்டுகிற வேலை அவற்றுக்கு, வேலை கூடினால் வீங்கும். நிமோனியாவில் வீங்கும், இதயம் பலவீனமானாலும் வீங்கும். குறுக்களவு 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாக இயல்பு என்று எடுத்துக்கொள்வோம். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, 15 மில்லிமீட்டருக்குள் இருந்து, ஆளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, ஸ்கேனிலும் வேறு குறை இல்லை என்றால் பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மற்றவர்களுக்குத்தான் காரணத்தைத் தேட வேண்டும். நெறியின் நடுப்பகுதி அழிந்து ஓரம் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் காசநோயை நினைப்போம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சி முடிச்சுகள் உண்டாகும், புற்றுநோய் அல்லாத ஒரு நோய்), நுரையீரலில் கட்டியும் சேர்ந்து இருந்தால் புற்றுநோய், காய்ச்சலும் இரவு வியர்வையும் எடைக்குறைவும் இருந்தால் லிம்போமாவோ (நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்) காசநோயோ. ஆனால் இதெல்லாம் ஊகம்தான். செல்கள் சர்க்கரையை எவ்வளவு இழுக்கின்றன என்று காட்டும் பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தாலே புற்றுநோய் என்று முடிவுகட்ட முடியாது, காசநோயும் சார்காய்டோசிஸும் அதேபோல் ஒளிரும்.

அதனால்தான், சதை எடுத்துப் பார்க்க வழி இருக்கும்போது பார்க்காமலே மாத்திரை தொடங்குவதை நான் இவ்வளவு எதிர்க்கிறேன். வேறோர் இடத்தில் ஆறு மாதக் காசநோய் மருந்தை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு முடித்தும் நெறி குறையவில்லை என்று ஒருவர் வந்தார். பயாப்சியில் லிம்போமா. அந்த ஆறு மாதத்தை அவருக்கு யார் திருப்பித் தருவது? ஸ்டீராய்டு இன்னும் மோசம், நெறியைத் தற்காலிகமாகச் சுருக்கி, பிறகு பயாப்சியிலும் நோய் பிடிபடாமல் செய்துவிடும்.

இப்போது ஈபஸ் என்ற பரிசோதனை இருக்கிறது. முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயை வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் விட்டு, நெறியைப் பார்த்துக்கொண்டே ஊசியால் சதை எடுப்போம், மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம், பெரும்பாலானோர் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். எடுத்த சதையை, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இரண்டுக்கும் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள், சில லிம்போமாவுக்கு ஊசியில் வருவது போதாமல் பெரிய பயாப்சி தேவைப்படலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அப்புறம், பழைய ஸ்கேன்கள் இருந்தால் கட்டாயம் கொண்டுவாருங்கள், ஐந்து வருடமாக அளவு மாறாத நெறிக்கும் மூன்று மாதத்தில் இரண்டு மடங்கான நெறிக்கும் வைத்தியம் ஒன்றல்ல. முகமோ கழுத்தோ வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், இருமலில் ரத்தம் வந்தால் மட்டும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கிளம்பி வந்துவிடுங்கள்.