பிரிட்டனில் படம் எடுத்தால் எவ்வளவு திரும்ப வரும்? 34 சதவீதம் 20 ஆகும் கணக்கு

லண்டனில் படம் எடுத்தால் செலவில் 34 சதவீதத்தை அரசாங்கமே திருப்பித் தருகிறது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 34 என்ற எண் சரிதான். ஆனால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. இரண்டு பாட்டு எடுக்கப் பத்து நாள் போய் வருகிறவர்களுக்கு ஒரு பென்னி கூட வராது.

திட்டத்தின் பெயர் ஆடியோ விஷுவல் எக்ஸ்பெண்டிச்சர் கிரெடிட், சுருக்கமாக ஏவெக். 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2007இலிருந்து இருந்த பழைய திரைப்பட வரிச்சலுகையின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. 2025 ஏப்ரல் 1 முதல் ஷூட்டிங் தொடங்கும் படங்களுக்கு இது ஒன்றுதான் வழி. இது மானியம் அல்ல, வரிக் கணக்கில் கிடைக்கும் வரவு. நிறுவனம் கட்ட வேண்டிய வரியில் முதலில் கழித்துக்கொள்வார்கள், மிச்சம் இருந்தால் பணமாக வரும்.

முதலில் கணக்கு. எல்லாச் செலவும் இதில் சேராது. முன் தயாரிப்பு, படப்பிடிப்பு, பின் தயாரிப்பு ஆகிய மூன்றுக்கும் ஆகும் ‘கோர்’ செலவு மட்டுமே சேரும். கதை விவாதக் காலச் செலவு, வட்டி, விளம்பரம், விநியோகம் எல்லாம் வெளியே. அந்தக் கோர் செலவிலும் பிரிட்டனில் ஆன தொகை ஒருபக்கம், மொத்தக் கோர் செலவில் 80 சதவீதம் மறுபக்கம். இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் 34 சதவீதம்.

உதாரணமாக, 10 லட்சம் பவுண்ட் கோர் செலவு முழுவதும் பிரிட்டனிலேயே ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீத வரம்பால் 8 லட்சம்தான் கணக்கில் வரும். அதில் 34 சதவீதம் 2,72,000 பவுண்ட். இந்த வரவே வருமானமாகக் கருதப்பட்டு அதன்மேல் 25 சதவீத நிறுவன வரி விழும். மிஞ்சுவது 2,04,000. ஆக, செலவில் 20.4 சதவீதம்.

இன்னொரு படத்துக்கு மொத்தம் 20 லட்சம். பாதி லண்டனில், பாதி சென்னையில். வரம்பு 16 லட்சம், பிரிட்டன் செலவு 10 லட்சம். குறைவானது 10 லட்சம் என்பதால் அது முழுவதும் தகுதி பெறும். வரி போக 2,55,000 பவுண்ட் வரும். முழுக்க முழுக்க அங்கேயே எடுத்தவரைவிட லண்டன் செலவுக்கு இவருக்கு நல்ல விகிதம்! மொத்தக் கோர் செலவில் ஐந்தில் ஒரு பங்கை வெளிநாட்டில் செய்தாலும் சலுகையில் நஷ்டமில்லை என்பதைப் பட்ஜெட் போடும்போதே மனதில் வைக்க வேண்டும்.

‘பிரிட்டன் செலவு’ என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். பணம் வாங்குபவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை, வேலை எங்கே நடந்தது என்றுதான் பார்ப்பார்கள். சென்னை ஒளிப்பதிவாளர் லண்டனில் வேலை செய்த நாட்களின் சம்பளம் சேரும். லண்டன் இயக்குநர் சென்னையில் வேலை செய்த நாட்களின் சம்பளம் சேராது. அதனால் யார் எந்த நாளில் எங்கே இருந்தார் என்பதைக் கால் ஷீட், சம்பளப் பட்டியலோடு சேர்த்து அன்றன்றே பிரித்து எழுதி வைக்க வேண்டும். படம் முடிந்த பிறகு நினைவிலிருந்து பிரித்துக் கொடுத்தால் வரித்துறையின் கேள்விகளுக்கு நிற்காது.

இனி தகுதி. விண்ணப்பிப்பது பிரிட்டனில் நிறுவன வரி வரம்புக்குள் வரும் தயாரிப்பு நிறுவனமாக இருக்க வேண்டும். முன் தயாரிப்பிலிருந்து கடைசி வரை முடிவெடுப்பது, ஒப்பந்தம் போடுவது, பணம் கொடுப்பது எல்லாம் அதுவே. ஒரு படத்துக்கு ஒரு நிறுவனம்தான். அங்குள்ள லைன் புரொடியூசருக்கு, அதாவது படப்பிடிப்பு ஏற்பாடுகளைச் செய்து தருபவருக்கு, பணம் அனுப்பி வேலை வாங்கினால், அவருடைய நிறுவனம் ‘தயாரிப்பு நிறுவனம்’ ஆகிவிடாது. பாட்டுக்குப் போகிறவர்கள் விழுகிற இடம் இதுவே. தவிர, கோர் செலவில் குறைந்தது 10 சதவீதம் பிரிட்டனில் ஆக வேண்டும். படம் தியேட்டர் வெளியீட்டுக்காக எடுக்கப்பட வேண்டும். தொலைக்காட்சித் தொடரானால் ஒளிபரப்பு நேரத்தில் மணிக்குச் சராசரி 10 லட்சம் பவுண்டாவது கோர் செலவு இருக்க வேண்டும். சிறிய தொடர்கள் இங்கேயே கழன்றுவிடும். அனிமேஷனுக்கும் குழந்தைகள் நிகழ்ச்சிக்கும் விகிதம் 39.

அடுத்தது, படம் பிரிட்டிஷ் படம்தானா என்று பார்க்கும் கலாசாரத் தேர்வு. 35 மதிப்பெண்ணில் 18 வேண்டும். மதிப்பிடுவது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட். கதைக்களம், முதன்மைப் பாத்திரங்கள், கதைப்பொருள் ஆகியவற்றுக்குத் தலா 4. வசன மொழிக்கு 6. கலாசாரப் பங்களிப்புக்கு 4. வேலை நடந்த இடத்துக்கு 5. கலைஞர்கள், தொழில்நுட்பக் குழுவுக்கு 8. தமிழ் வசனத்துக்கு அந்த 6 கிடைக்காது. லண்டன் ஈஸ்ட்ஹாமில் வாழும் பிரிட்டிஷ் தமிழ்க் குடும்பத்தின் கதையை அங்கேயே எடுத்தால், மற்றதைக் கூட்டி 18ஐ எட்ட முடியும். சென்னைக் கதையின் நாயகன் லண்டனில் ஆடிவிட்டு வந்தால் முடியாது.

எட்ட முடியாதவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. இந்தியாவும் பிரிட்டனும் 2005இல் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அதன் கீழ் அங்கீகாரம் பெற்ற படத்துக்குக் கலாசாரத் தேர்வே தேவையில்லை. ஆனால் பணத்திலும் படைப்பு வேலையிலும் இரு தரப்புக்கும் உண்மையான பங்கு இருக்க வேண்டும். முதற்கட்ட அனுமதிக்கு ஷூட்டிங் தொடங்க நான்கு வாரம் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். தொடங்கிவிட்டுப் போய் நின்றால் கதவு திறக்காது.

சிறிய படங்களுக்கு 53 சதவீத விகிதமும் இருக்கிறது. மொத்தக் கோர் பட்ஜெட் 2.35 கோடி பவுண்டுக்குள், இயக்குநரோ எழுத்தாளரோ பிரிட்டனைச் சேர்ந்தவர் அல்லது படம் அங்கீகரிக்கப்பட்ட கூட்டுத் தயாரிப்பு, ஷூட்டிங் 2024 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னோ தொடக்கம் என்பவை முக்கிய நிபந்தனைகள். 80 சதவீத வரம்பும் வரியும் இதற்கும் உண்டு. சலுகை முதல் 1.5 கோடி பவுண்ட் கோர் செலவுக்கு மட்டும்.

பணம் எப்போது வரும்? படம் எடுக்கும்போது அல்ல. இது பிரிட்டிஷ் படம் என்ற இடைக்காலச் சான்றிதழ் வாங்கி, நிறுவனத்தின் கணக்காண்டு முடிந்து, வரிக் கணக்கோடு கூடுதல் தகவல் படிவமும் தாக்கல் செய்த பிறகே. அதுவரை சான்றிதழைக் காட்டிக் கடன் வாங்கலாம், அந்த வட்டி உங்கள் தலையில். இறுதிச் சான்றிதழ் கிடைக்காமல் போனால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். சம்பளத்தை ‘படம் வியாபாரமானதும் தருகிறேன்’ என்று தள்ளிப்போடுவது நம் ஊரில் சகஜம். அங்கே கணக்காண்டு முடிந்து நான்கு மாதத்துக்குள் கொடுக்காத தொகை அந்த ஆண்டின் செலவாகவே எடுத்துக்கொள்ளப்படாது.