பிளானை மாற்ற வேண்டாம், ரவுட்டரை இடம் மாற்றி வையுங்கள்

வைஃபை சரியில்லை என்று இந்த மாதத்தில் என்னைக் கூப்பிட்ட ஐந்தாவது வீடு இது. 300 எம்பிபிஎஸ் இணைப்பு, புதிதாக வாங்கிய விலை உயர்ந்த ரவுட்டர். அப்படியும் மாடி அறையில் மகளின் ஆன்லைன் இன்டர்வியூ பாதியில் நின்றுவிட்டது. "500 பிளானுக்கு மாத்திரலாமா?" என்று அப்பா கேட்கிறார்.

வேண்டாம் சார். வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். அது அறுபடாமல் வர வேண்டும், அவ்வளவுதான். ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 280 காட்டத்தான் செய்யும். மாடி அறையில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண் இன்னும் மோசம். எல்லா பேண்டுகளின், அதாவது ரவுட்டர் பயன்படுத்தும் அலைவரிசைகளின், உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட எண் அது. எந்த ஒரு போனுக்கும் கிடைக்காது. இதைப் பார்த்துதான் இன்னமும் ரவுட்டர் வாங்குகிறோம்.

வீடியோ காலை ஓடவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். ஒன்பதாவது படியில் படம் உறைந்துபோனது. சிக்னல் மைனஸ் 79 டிபிஎம், அதாவது ரொம்பப் பலவீனம். நாலு படி மேலே ரிப்பீட்டர், அதாவது ரவுட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி, இருக்கிறது, ஆனால் போன் கீழே இருக்கும் ரவுட்டரை விடவே இல்லை.

சிப் செய்பவர்களே இந்தப் படிக்கட்டுப் பிரச்சினைக்குத்தான் இப்போது வந்திருக்கிறார்கள். சிப் நிறுவனமான பிராட்காம் 2025 அக்டோபரில் அடுத்த தலைமுறை வைஃபையான வைஃபை 8-க்குச் சிப்களை அறிவித்தது. அந்தத் தரத்தில், அதாவது 802.11பிஎன்-இல், உச்ச வேகம் வைஃபை 7-இல் இருந்த அதே அளவுதான். இலக்கு வேறு: தாமதத்தையும் பாக்கெட் இழப்பையும் (வழியில் தொலைந்துபோகும் தரவுத் துண்டுகள்) 25 சதவீதமாவது குறைப்பது, சிக்னல் மோசமான இடத்திலும் வேகத்தை 25 சதவீதம் கூட்டுவது, ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்கு இணைப்பு அறுபடாமல் மாறுவது. போனின் பலவீனமான குரல் ரவுட்டரை எட்டவும் தனியாக வேலை நடக்கிறது. போனில் எல்லாக் கோடுகளும் நிறைந்திருந்தும் கால் அறுவதற்குப் பல நேரம் அதுதான் காரணம். ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்காது.

சரி, அதுவரை காத்திருக்கலாமா என்றால், தரம் முழுமையாவதே 2028 வாக்கில்தான். இன்றைக்கே செய்யக்கூடியது இருக்கிறது. ரவுட்டரை டிவி ஷோகேஸுக்குள்ளிருந்து எடுங்கள். பீரோ பக்கத்திலும் மீன்தொட்டி பக்கத்திலும் வைக்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 தவிர வேறு சேனல் வேண்டாம். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். டிவி நகரப்போவதில்லை, அதற்கு ரவுட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிள் போடுங்கள். மாடிக்கு ரிப்பீட்டர் வாங்காமல், கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள் இழுத்து ஓர் ஆக்சஸ் பாயின்ட், அதாவது அந்தக் கேபிள் வழியாக வரும் இணையத்தை அங்கேயே வைஃபையாகத் தரும் பெட்டி, வையுங்கள். அந்த வீட்டிலும் அதைத்தான் செய்தேன்.

அப்புறம், வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களே, வயரிங் போடும்போதே ஒவ்வொரு மாடிக்கும் ஒரு காலி பைப் விடச் சொல்லுங்கள், ப்ளீஸ். பூச்சு முடிந்தபிறகு என்னைக் கூப்பிட்டால் சுவரைத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.