எட்டி கோக்கெம்ஸும் பம்பரம் மாதிரி பறக்குற பந்தும்

1906 செப்டம்பர் 5. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல வாக்கிஷாங்கற ஊர்ல செயின்ட் லூயிஸ் யுனிவர்சிட்டி டீம் கேரல் காலேஜோட அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிட்டு இருக்கு. பிராட்பரி ராபின்சன்னு ஒரு பிளேயர் பந்தை முன்னாடி தூக்கி எறியறாரு, யாரும் பிடிக்கல, அப்போ இருந்த ரூல்படி பந்து அப்படியே எதிர் டீம் கைக்குப் போயிடுச்சு. வேற டீமா இருந்தா இந்த வேலையே வேணாம்னு விட்டிருப்பாங்க. இவங்க கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் எறிஞ்சாங்க, ஜாக் ஷ்னைடர் பிடிச்சாரு, 20 யார்டு, டச்டவுன், அதாவது எதிர் டீமோட கோட்டைத் தாண்டி பந்தைக் கொண்டு போய் பாயின்ட் எடுக்கறது.

அந்த டீமோட கோச் தான் எட்டி கோக்கெம்ஸ். அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்தை முன்னாடி எறியறத ஒரு டீமோட முக்கிய ஆயுதமா மாத்தின முதல் ஆள்னு நான் அவரைத் தான் சொல்லுவேன்.

அதுக்கு முன்னாடி அந்த ஆட்டம் எப்படி இருந்துச்சுன்னா, எல்லாரும் கும்பலா சேர்ந்து எதிர்ல நிக்கறவங்க மேல போய் மோதறது தான். பசங்க செத்தே போனாங்க. 1905ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டி ஃபுட்பால் ஆளுங்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசற அளவுக்கு நிலைமை மோசம். அதுக்கப்புறம் தான் 1906ல ஃபார்வர்டு பாஸுக்கு, அதாவது பந்தை முன்னாடி எறியறதுக்கு, அனுமதி கிடைச்சுது, ஆனா யாரும் தொடாம பந்து கீழ விழுந்தா பந்து பறிபோயிடும்ங்கற மாதிரி தண்டனையோட. நிறைய கோச்சுங்க தயங்கினாங்க, கோக்கெம்ஸ் மட்டும் அந்த கோடையிலயே பசங்களை பியூலா ஏரிக்கு கூட்டிட்டுப் போய் எறியறதுக்குன்னே பயிற்சி குடுத்தாரு.

இங்க தான் அறிவியல் வருது. இந்தப் பந்து உருண்டை இல்ல, ரெண்டு பக்கமும் கூம்புன பந்து, அப்போ இப்ப இருக்கறதை விட நல்லா குண்டா இருக்கும். சும்மா தூக்கி எறிஞ்சா காத்து அதோட மூக்கை ஒரு பக்கமா தள்ளும், பந்து குறுக்க திரும்பும், குறுக்க திரும்புனா காத்தோட தடை பல மடங்கு ஏறும், அப்புறம் குட்டிக்கரணம் போட்டு எங்கயோ விழும். கோக்கெம்ஸ் 1907ல எழுதின கட்டுரையிலயே இதுக்கு வழி சொல்லியிருக்காரு: பந்தோட லேஸ் மேல விரலை வச்சுப் பிடி, பந்து தன்னோட நீள அச்சுல சுத்தற மாதிரி எறி. அந்த லேஸ் உள்ள இருக்கற பிளாடரை, அதாவது காத்துப் பையை, மூடறதுக்காக கட்டுனது, ஆனா விரலுக்கு நல்ல பிடி குடுக்கும். கைய விட்டுப் போகும்போது விரல் நுனி அதை உருட்டி விடுது, அவ்வளவு தான்.

ஏன் இது வேலை செய்யுதுன்னா பம்பரத்தை நினைச்சுக்கோங்க. நல்லா சுத்துற பம்பரத்தை லேசா தட்டுனா விழாது, தலைய ஆட்டிக்கிட்டு வட்டம் போடும். சுத்துற பந்தும் அப்படித்தான். காத்து மூக்கை மேல தள்ளப் பாக்கும், ஆனா மூக்கு மேல போகாம பக்கவாட்டுல நகரும், அங்கயும் காத்து தள்ளும், அது இன்னும் கொஞ்சம் நகரும், இப்படியே மூக்கு சின்னச் சின்ன வட்டமா போட்டுக்கிட்டே போகும். இன்னிக்கு நல்ல குவார்ட்டர்பேக், அதாவது டீம்ல பந்தை எறியற முக்கிய பிளேயர், எறியற பந்து ஒரு செகண்டுக்கு சுமாரா 10 சுத்து சுத்துது.

அந்த 1906 சீசன்ல செயின்ட் லூயிஸ் ஆடின 11 மேட்சும் ஜெயிச்சுது. மொத்தமா 407 பாயின்ட் எடுத்து, குடுத்தது வெறும் 11. அயோவா யுனிவர்சிட்டி டீமையே 39–0ன்னு அடிச்சாங்க. இவ்வளவு நடந்தும் பேரு என்னவோ 1913ல ஆர்மிங்கற ராணுவ அகாடமி டீமை 35–13னு ஜெயிச்ச நோட்ரடாம் யுனிவர்சிட்டி டீமுக்கும் அதுல பந்து பிடிச்ச நூட் ராக்னிக்கும் தான் போச்சு, அது எனக்கு இன்னிக்கும் வருத்தம் தான். பந்தும் அப்புறம் மெலிஞ்சுக்கிட்டே வந்து 1934ல இன்னும் ஒல்லியாச்சு, எறியறது சுலபமாச்சு.

ஒரு கேள்வி மட்டும் ரொம்ப நாள் பாக்கி இருந்துச்சு. சுத்துற பொருள் தன் அச்சை மாத்தாதுல்ல, அப்போ மேல பாத்து எறிஞ்ச பந்து கீழ இறங்கும்போதும் மூக்கு மேல பாத்தே தானே இருக்கணும், ஏன் அழகா கவுந்து இறங்குது? அம்புக்காவது வால்ல இறகு இருக்கு, இதுக்கு அதுவும் இல்ல. 2020ல டிமோதி கே, வில்லியம் மாஸ், ரிச்சர்ட் பிரைஸ்னு மூணு இயற்பியலாளர்கள் இதைக் கணக்குப் போட்டு விளக்கினாங்க. மேல சொன்ன அந்த தலையாட்டம் தான் பதில். மூக்கு வட்டம் போடறது பந்து போற திசையைச் சுத்தி, அந்தத் திசை கொஞ்சம் கொஞ்சமா கீழ சாயும்போது வட்டமும் அதோடவே சாயுது, பந்தும் கூடவே கவுந்துடுது. காத்தே இல்லாத இடத்துல எறிஞ்சா மூக்கு கடைசி வரை மேல பாத்தபடியே தான் இறங்கும். ஸ்லோ மோஷன்ல ஒரு நீளமான பாஸை எடுத்துப் பாருங்க, மூக்கு நுனிய மட்டும் கவனிச்சா அந்த வட்டம் தெரியும்.