பூங்காவுக்குள் ஒரு குகை: பொருத்தம் பார்த்த கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போயிருந்தேன். அங்கே புதிதாகத் திறந்திருக்கும் குகை உணவகத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி அதன் உரிமையாளர் கூப்பிட்டிருந்தார். தர்மபுரிக்காரர். சிவாஜிநகரில் சின்ன மெஸ் நடத்தி முன்னுக்கு வந்தவர். "பூங்காவோட இது ஒட்டுதா, இல்ல தனியா துருத்திக்கிட்டு நிக்குதா? பொருத்தம் மட்டும் பாத்துச் சொல்லுங்க மேடம்" என்றார்.

பத்தொன்பது ஆண்டுகளாக இந்த ஊரில் உணவகங்களுக்கு இன்டீரியர் வேலை செய்கிறேன். ஒட்டுகிறதா என்று கேட்டால், நன்றாகவே ஒட்டியது. ஒரு பக்கம் பேய் வீடு, மறுபக்கம் இருட்டுச் சுரங்கத்துக்குள் நுழையும் படகு சவாரி. இரண்டுக்கும் நடுவில் கண்ணாடிச் சுவரும் பளபளக்கும் ஸ்டீலுமாக ஒன்று நின்றிருந்தால் கண்ணை உறுத்தியிருக்கும். பாறை செய்த கலைஞர் லால்பாக் பாறையைப் பலமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து வண்ணம் பூசியிருக்கிறார். சுமார் 300 கோடி ஆண்டு வயதான அந்தப் பாறையின் மங்கிய சாம்பல் நிறமும், மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகளும் அப்படியே வந்திருந்தன. சாப்பாட்டிலும் யோசனை தெரிந்தது: சுட்ட கிழங்கு, கேழ்வரகுக் களி, தினைப் பாயசம். தண்ணீர் விளையாட்டு முடித்து ஈரத்துணியோடு வரும் பிள்ளைகளுக்கு ஏசி குளிர் அதிகம், வழவழப்பான டைல்ஸ் வழுக்கும். இரண்டும் ஒரே வாரத்தில் சரிசெய்துவிடக்கூடியவை.

இந்த வகை உணவகத்தில் நான் மிகவும் மதிப்பது கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1967இல் திறந்த ப்ளூ பயூ. கடற்கொள்ளையர் படகு சவாரி இருக்கும் அதே கட்டடத்துக்குள், எந்நேரமும் இரவாகவே இருக்கும் ஒரு நீர்க்கரை. சாப்பிடுகிறவர்கள் முன்னால் படகுகள் மிதந்து போகும். படகில் போகிறவர்களுக்கு இவர்களின் மேசை விளக்கு ஒரு காட்சி, இவர்களுக்கு அந்தப் படகு ஒரு காட்சி. பூங்காவும் உணவகமும் ஒரே இரவைப் பகிர்ந்துகொள்கின்றன. நம் தர்மபுரிக்காரரும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்திருந்தார்.

ஆனால் பொருத்தம் என்ற சொல்லை எடுத்தவர் அவர். நம் வீடுகளில் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். ஒன்பது இருந்து ரஜ்ஜு தட்டினால் பெரியவர்கள் பலர் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு ஜோசியம் தெரியாது. அன்று அந்தக் குகைக்குள் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ரஜ்ஜு ஞாபகம்தான் வந்தது.

குகை வாயிலில் ஒரு புகை இயந்திரம். கால் மணிக்கு ஒரு தடவை வெள்ளையாகப் புகை கக்கும், பிள்ளைகள் கத்துவார்கள். நான் களிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த நேரத்தில் சமையலறையில் எக்ஸாஸ்ட் நின்றுபோனது. தாளிப்புப் புகை காய்ந்த மிளகாய்க் காரத்தோடு கூடத்துக்குள் வந்தது. எனக்குக் கண் எரிந்தது, இருமல் வந்தது. சுற்றிப் பார்த்தேன். ஒருவர்கூட எழவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு அப்பா கைபேசியை எடுத்து வீடியோ பிடித்தார். பக்கத்து மேசைப் பாட்டி பேரனிடம் தமிழில் சொன்னார்: "நெசப் பொக மாதிரியே இருக்கு பாருடா கண்ணு."

அந்தப் பாட்டியிடம் எந்தத் தப்பும் இல்லை. காலையிலிருந்து அந்தப் பூங்கா அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தானே? இருட்டு என்றால் விளையாட்டு, அலறல் என்றால் விளையாட்டு, புகை என்றால் விளையாட்டு. வெளியே எம்.ஜி. ரோட்டில் ஓர் ஓட்டலில் புகை வந்தால் கை கழுவாமல் எழுந்து ஓடுகிற அதே மனிதர்கள்தான் இவர்கள். பூங்காவுக்குள் இருக்கும் உணவகம் வெளியே இருப்பதைவிட ஆபத்தானது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

1977 மே 28 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் என்ற பெரிய விருந்து அரங்கில் தீப்பிடித்தது. மேடையில் நகைச்சுவை நடந்துகொண்டிருந்தபோது அங்கே வேலை பார்த்த இளைஞர் ஒருவர் மைக்கை வாங்கி எல்லோரையும் வெளியேறச் சொன்னார். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள். அந்தத் தீயில் 165 பேர் இறந்தார்கள். 2003 பிப்ரவரி 20 அன்று ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். பலர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலையே தேடி ஓடி, அங்கேயே நெரிசலில் சிக்கிக்கொண்டார்கள். பதற்றத்தில் மனிதன் வந்த வழியைத்தான் தேடுவான். இன்னொரு கதவு கண்ணில் பட்டிருந்தால் மட்டுமே கால் அந்தப் பக்கம் திரும்பும்.

அன்று மாலை கூட்டம் குறைந்ததும் சூப்பர்வைசர் தம்பியோடு ஒரு சுற்று வந்தேன். கூரையில் புகை உணர்விகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பாலித்தீன் உறை கட்டியிருந்தது. "பொக மிஷின் ஓடுனா அலாரம் அடிக்குது மேடம், அதான் கட்டிட்டோம்" என்றார். எத்தனையோ இடங்களில் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது கதவு எங்கே என்றேன். ஒரு பாறையைக் காட்டினார். கதவின் மேல் பாறை வண்ணம் பூசி, பக்கத்துச் சுவரோடு சுவராக ஆக்கிவிட்டார்கள். வேலை அத்தனை நேர்த்தி, கைப்பிடியைத் தடவித்தான் கண்டுபிடித்தேன். உள்ளே பூட்டு, வெளியே வெங்காய மூட்டைகள்.

மிச்சம் கிடந்த பாறைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, திறந்தவெளியில் மண் தரையில் வைத்து லைட்டரைக் காட்டினேன். மேலே மெல்லிய வண்ணப் பூச்சு, உள்ளே முழுக்க ஃபோம். உடனே பற்றி, எரிகிற சொட்டுகளாக ஒழுகியது. பாலியூரித்தேன் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். தீ கிட்டே வருவதற்கு முன்பே ஆளைச் சாய்ப்பது இந்தப் புகைதான். சூப்பர்வைசர் தம்பி ஒன்றும் பேசவில்லை. அவருடைய இரண்டு வயது மகள் அன்று மதியம் அங்கேதான் சாப்பிட்டிருக்கிறாள்.

நமக்கு இதெல்லாம் தூரத்துக் கதையும் இல்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம், கூரைக்கொட்டகை, 94 குழந்தைகள். 2010 பிப்ரவரி 23, நம் பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் அடுக்குமாடி அலுவலகம், புகையில் வழி தெரியாமல் 9 பேர். 2024 மே 25, ராஜ்கோட் டிஆர்பி விளையாட்டு மையம், கோடை விடுமுறைச் சனிக்கிழமை, 99 ரூபாய் சலுகை நுழைவுச்சீட்டு, 27 உயிர்கள்.

உரிமையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோம் பாறைக்குப் பதில் ஜிஆர்சி, அதாவது கண்ணாடி இழை கலந்த சிமென்ட். கனம் கூடும், செலவும் கூடும், ஆனால் தீப்பற்றாது. வாயிலில் இருக்கும் புகை இயந்திரத்தை எடுத்துவிட்டு உணர்விகளின் உறையைக் கழற்ற வேண்டும். அலாரம் அடித்தால் பாட்டு தானாக நின்று எல்லா விளக்கும் முழு வெளிச்சத்தில் எரியும்படி இணைக்க வேண்டும், அப்போதுதான் விளையாட்டு முடிந்தது என்று அந்தப் பாட்டிக்குப் புரியும். எக்ஸாஸ்ட் டக்டில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தவறாமல் வழித்தெடுக்க வேண்டும். இரண்டாவது கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அதன் மேல் பச்சை விளக்குப் பலகை எரிய வேண்டும். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி முழுக்க இதற்காகவே எழுதப்பட்டது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் பச்சை விளக்கில் நின்றுவிட்டார். "குகைக்குள்ள பச்ச போர்டு எரிஞ்சா தீமே போயிடும் மேடம்." தியேட்டரில் படம் ஓடும்போதும் வாசல் மேல் அந்த விளக்கு எரிகிறது, யாராவது படம் கெட்டுவிட்டது என்று எழுந்து போகிறார்களா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார்.

தசரா விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உட்கார்ந்ததும், மெனு வாங்குவதற்கு முன், பரிமாறுகிற தம்பியிடம் இன்னொரு கதவு எங்கே என்று கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போய் அதைத் தொட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், அவர்களுக்கு அதுவும் ஒரு விளையாட்டாகவே இருக்கும். பூட்டியிருந்தால் சாப்பிடாமல் எழுந்து வந்துவிடுங்கள். ஏன் எழுந்தீர்கள் என்று கல்லாவில் இருப்பவரிடம் சொல்லிவிட்டும் வாருங்கள். கண் எரிந்தால், இருமல் வந்தால், அது காட்சியா நிஜமா என்று யோசிக்காதீர்கள், வெளியே வந்து நின்ற பிறகு யோசிக்கலாம். 101 அல்லது 112ஐ வெளியே வந்தபிறகு அழையுங்கள்.

போன வாரம் அந்தச் சூப்பர்வைசர் தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தார். வெங்காய மூட்டைகளை நகர்த்திவிட்டார்கள். பாறைக்கதவு திறந்திருக்கிறது, அந்தப் பக்கம் புல்தரை. மேலே பலகைக்காக இழுத்த வயர் மட்டும் தொங்குகிறது, விளக்கு இன்னும் மாட்டவில்லை.