சிவப்பணுவுக்குள் ஓர் ஊதாப் புள்ளி

உண்ணிக் காய்ச்சலோ என்ற ஐயத்தில் நாயின் இரத்தத்தை நுண்ணோக்கியில் சோதித்து, ஒட்டுண்ணி எதுவும் தென்படவில்லை என்று அறிக்கை வந்த பிறகும், மருத்துவர் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையையும் செய்யச் சொல்வது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மருத்துவர் கேட்டது நியாயமே.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே நோயன்று. பபீசியா என்பது சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகும் ஒருசெல் உயிரி. எர்லிக்கியா என்பது வெள்ளையணுக்களில் குடியேறும் பாக்டீரியா. பபீசியாவின் சிறிய வகையான ஜிப்சோனியை 1910இல் பாட்டன் என்ற ஆய்வாளர் முதன்முதலில் விவரித்தது நம் சென்னையின் வேட்டை நாய்களிலும் நரிகளிலும்தான். காய்ச்சல், வெளிறிய ஈறு, குறைந்த தட்டணுக்கள் ஆகியவை இந்நோய்களுக்குப் பொதுவானவை. மருந்துகளோ வேறு வேறு. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் போதும். பெரிய வகைப் பபீசியாவான வோகெலியை அடக்கும் இமிடோகார்ப் ஊசி ஜிப்சோனியை முழுதாக ஒழிப்பதில்லை. ஆகவே எந்தக் கிருமி என்று அறிவது அவசியமாகிறது.

பழமையான வழி, காது நுனியில் குத்தி எடுத்த ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது. நோயுற்ற சிவப்பணுக்கள் நுண்குழாய்களில் தேங்கும் என்பதால்தான் காது நுனியைத் தேர்கிறார்கள். இந்தச் சாயத்தின் வேலை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அதில் நீலமான அசூர் பி, சிவப்பான இயோசின் என்ற இரண்டு பொருள்கள் உள்ளன. நேர்மின்னூட்டமுள்ள அசூர், டிஎன்ஏவின் எதிர்மின்னூட்டமுள்ள பாஸ்பேட்டுகளில் நெருக்கமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த அடுக்கின்மேல் இயோசின் வந்து இணையும்போது, தனித்தனியாக இரண்டு சாயங்களாலும் தர இயலாத ஊதா நிறம் பிறக்கிறது. ரோமனோவ்ஸ்கி 1891இல் மலேரியா ஒட்டுண்ணியில் கண்ட இந்த விளைவை, ஜீம்சா 1904இல் நம்பகமான கலவையாக்கினார். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. ஆகவே அது இயோசினை மட்டும் ஏற்று இளஞ்சிவப்பாகவே நிற்கிறது. அதற்குள் ஊதாப் புள்ளியும், அதைச் சுற்றி நீலச் சாயலும் தெரிந்தால், அங்கே வேறோர் உயிரி இருக்கிறது என்று பொருள். இளம் சிவப்பணுவில் எஞ்சிய உட்கருத் துணுக்கும், மேலே படிந்த தட்டணுவும் அவ்வாறே ஏமாற்றக்கூடும் என்பதால், பார்ப்பவரின் கண் பழகியிருக்க வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். நுண்ணோக்கியில் ஒரே நேரத்தில் தெரியும் ஒரு பார்வைப் புலத்தில் சுமார் 200 சிவப்பணுக்கள் என்று கொண்டால், 100 புலங்களைப் பொறுமையாகப் பார்த்தாலும் 20,000 அணுக்களே தேறும். நாட்பட்ட நோயில் ஒரு இலட்சம் அணுக்களில் ஒன்றில்தான் ஒட்டுண்ணி இருக்கிறது என்று வையுங்கள். ஐந்து முறை பார்த்தால் நான்கு முறை ஒன்றுகூடக் கண்ணில் படாது. அதே நாயின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் சிவப்பணுக்கள், அதாவது 60 ஒட்டுண்ணிகள் உண்டு. 200 மைக்ரோலிட்டர் எடுத்தால் 12,000. அவற்றின் டிஎன்ஏவைப் பிரித்து, குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கிக் காட்டுவதே பிசிஆர். பிரித்தெடுப்பில் பெரும்பகுதி வீணானாலும் எஞ்சியதே போதும். எந்த இனம் என்பதையும் அது சொல்லிவிடும்.

கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைச் சில நிமிடங்களில் காட்டும் சோதனை அட்டைகள் வேறொரு கேள்விக்கு விடை தருகின்றன. கிருமியை உடல் எப்போதோ சந்தித்தது என்பதற்கே அவை சாட்சி. நோய் தீர்ந்து பல மாதங்கள் ஆன பின்னும் அவை நேர்மறையாக வரக்கூடும், தொற்றிய முதல் நாள்களில் எதிர்மறையாகவும் வரக்கூடும். தட்டணு குறைந்ததும் பப்பாளி இலைச் சாற்றைப் புகட்டிக்கொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போடுவது வருந்தத்தக்கது. அந்த நாள்களில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். பிசிஆர் வசதி பெருநகரங்களோடு நின்றுவிடாமல் மாவட்டக் கால்நடை மருத்துவமனைகளுக்கும் சென்று சேர அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்ட வாசகர், மருந்து தொடங்கும் முன்பே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மருந்துக்குப் பின் இரத்தத்தில் கிருமி குறைந்து விடை பொய்யாகலாம். ஜிப்சோனி உறுதியானால், சிகிச்சை முடிந்து 60, 90 நாள்களில் பிசிஆரை மீண்டும் செய்வது வழக்கம். அந்த நாயின் இரத்தத்தை வேறொரு நாய்க்குக் கொடையாக அளிக்கக் கூடாது.