வங்கிக் கார்டின் சிப் தரும் பதில் ஏன் ஒரே ஒரு முறைதான் செல்லும்?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவின் சிகிச்சைக்காக வேலூர் சிஎம்சிக்கு அடிக்கடி வருகிறோம். மருந்துக் கடை, லாட்ஜ், ஓட்டல் என்று எல்லா இடத்திலும் கார்டை நீட்ட வேண்டியிருக்கிறது. யாராவது அதை நகல் எடுத்துவிட்டால்?" வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து காந்தி ரோட்டுப் பக்கம் அறை எடுத்திருக்கும் குடும்பங்களுக்கும் இந்தப் பயம் இருக்கும். வைத்தியச் செலவுக்கான பணம் மொத்தமும் அந்தக் கார்டை நம்பித்தானே இருக்கிறது.

பழைய கார்டென்றால் பயம் நியாயமே. பின்பக்கக் கறுப்புப் பட்டையில் கார்டு எண், காலாவதித் தேதி, சரிபார்ப்பு எண் எல்லாம் காந்தப் பதிவாக இருக்கும். எத்தனை முறை தேய்த்தாலும் அதே விவரம்தான். ஏடிஎம்மில் கார்டு செருகும் இடத்தில் ஒட்டிய ஸ்கிம்மர் என்ற திருட்டுக் கருவி அதைப் படித்துக்கொள்ளும். ஒளித்து வைத்த கேமரா பின் நம்பரைப் பார்த்துக்கொள்ளும். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுப்பது போல இன்னொரு கார்டில் ஏற்றிவிடலாம். அதனால்தான் 2018 டிசம்பர் 31க்குள் சிப் கார்டுக்கு மாறச் சொன்னது ரிசர்வ் வங்கி.

சிப் கார்டின் முகப்பில் தெரியும் அந்தப் பொன்னிறச் சதுரத்துக்குள் இருப்பது ஒரு முழுக் கணினி. மிஷினில் செருகியதும் அங்கிருந்தே மின்சாரம் வாங்கி விழித்துக்கொள்கிறது. அதற்குள் ஒரு ரகசியச் சாவி எண் உண்டு. அதை வெளியே சொல்லச் சொல்லும் கட்டளையே சிப்பில் கிடையாது. பிறகு எப்படித் தன்னை நிரூபிக்கிறது? கடைக்காரரின் மிஷின் தொகை, தேதியோடு அந்த நேரத்தில் உருவாக்கிய ஒரு தற்செயல் எண்ணையும் கொடுக்கும். சிப் இதுவரை எத்தனை பரிவர்த்தனை என்ற தன் கணக்கையும் சேர்த்து, எல்லாவற்றையும் சாவியோடு பிசைந்து 64 பிட் (பூஜ்யமும் ஒன்றுமாக 64 இலக்கம்) விடை ஒன்றைத் தரும். அதே சாவியை வங்கியும் உருவாக்கி அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்தால் பணம் போகும். தொகையில் ஒரு ரூபாய் மாறினாலும் விடை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். நடுவில் ஒருவன் அதைப் பதிவு செய்தாலும் பயனில்லை. அடுத்த முறை தற்செயல் எண் வேறு, சிப் வைத்திருக்கும் பரிவர்த்தனை எண்ணிக்கையும் ஒன்று கூடியிருக்கும். ரகசியத்தைக் காட்டாமலே ரகசியம் தன்னிடம் இருப்பதை நிரூபிக்கும் இந்தக் கணிதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் தற்செயல் எண் உண்மையிலேயே தற்செயலாக இருக்க வேண்டும். ஊகிக்க முடிந்தால், அதற்கான விடையைச் சிப்பிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடலாம். சில மிஷின்களில் அது ஊகிக்கக்கூடிய வரிசையில் வந்ததை 2012இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இப்படி மிஷினைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வுக்கு நம் கல்லூரிகளிலும் பணம் ஒதுக்க வேண்டும். அது இல்லாத இடத்தில், கேன்சல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் பின் நம்பரைத் திருட முடியாது என்ற வாட்ஸ்அப் புரளிதான் பாடமாகிறது. அந்தப் பட்டனால் கேமராவை எதுவும் செய்ய முடியாது. இன்னொரு கையால் கீபேடை மறையுங்கள்.

கறுப்புப் பட்டை இன்னும் கார்டில் இருக்கிறது. சிப் கேட்காத மிஷின்கள் சில வெளிநாடுகளில் உண்டு. திருடிய பட்டை விவரம் அங்கே செல்லுபடியாகலாம். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வைத்தால் அந்த வழியும் அடைபடும். ஓடிபியை நீங்களே போனில் சொன்னால் மட்டும் சிப்பால் காப்பாற்ற முடியாது. பணம் போனது தெரிந்த நிமிடமே வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் போன் செய்யுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடி என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு எதுவும் கிடையாது என்று 2017இல் விதி வகுத்தது ரிசர்வ் வங்கி.