மஞ்சள் காப்பு சிவந்த கதை

ராயபுரத்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவுக்கு ஒரே படத்தை வைத்து அழைப்பிதழும் நோட்டீஸும் அச்சடித்தோம். அழைப்பிதழ் வழவழப்பான ஆர்ட் பேப்பரில், நோட்டீஸ் நியூஸ்பிரிண்டில். அழைப்பிதழில் மஞ்சள் காப்பு பளிச்சென்று இருந்தது. நோட்டீஸிலோ அம்மன் முகம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. பெரியவர்கள் மனம் நொந்து, மை மட்டம் என்றார்கள். மையின் மேல் பிழையில்லை.

நோட்டீஸைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகம் மறைந்து புள்ளிகள் தெரியும். ஆப்செட் அச்சில் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா சாய்ந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்று நான்கே மைகள். வெளிர் நிறத்துக்குச் சிறிய புள்ளி, அடர் நிறத்துக்குப் பெரிய புள்ளி. பரப்பில் பாதியை மூடினால் அது 50 விழுக்காட்டுப் புள்ளி.

படம் பதிந்த அச்சுத் தகடான பிளேட்டில் 50 ஆக இருப்பது காகிதத்தில் 50 ஆக நிற்பதில்லை. பிளேட்டிலிருந்து பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்புக்கும், அங்கிருந்து காகிதத்துக்கும் இறங்கும்போது மை நசுங்கி விரிகிறது. பூச்சில்லாத காகிதம் அதை உறிஞ்சி மேலும் பரப்புகிறது. இதுதான் டாட் கெயின். அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசை வைத்த படத்தில், வட்டமான 50 விழுக்காட்டுப் புள்ளியின் விட்டம் 0.135 மில்லிமீட்டர். சுற்றிலும் 0.01 மில்லிமீட்டர் விரிந்தாலே அது 66 ஆகிவிடும். 100 வரிசையானால் அதே விரிவு 60இல் நிற்கும். செய்தித்தாள் படங்கள் கொரகொரப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மை விரியாவிட்டாலும் ஒளி ஏமாற்றும். காகிதத்துக்குள் புகுந்த ஒளி சிதறி, புள்ளிக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. புள்ளியைச் சுற்றி மெல்லிய நிழல் படிகிறது. யூல், நீல்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1951இல் இதற்குச் சமன்பாடு தந்தார்கள்.

விரிவதெல்லாம் புள்ளியின் ஓரத்தில்தான். மிகச் சிறிய புள்ளிக்கு ஓரம் குறைவு. முழு மைப்பரப்புக்கு ஓரமே இல்லை. நடுத்தர நிறங்கள்தான் அடிபடுகின்றன. அம்மனுக்கு நேர்ந்ததும் இதுவே. முகத்தில் மஞ்சள் ஏறக்குறைய முழுதாக இருந்ததால் அது பெருக இடமில்லை. சேர்ந்திருந்த கொஞ்சம் மெஜந்தா நியூஸ்பிரிண்டில் ஊதிப் பெருத்து, மஞ்சளைச் சிவப்புப் பக்கம் இழுத்துவிட்டது.

அழுத்தமின்றி அச்சடிக்க முடியாது. ஆகவே விரிவை முழுதாக ஒழிக்கவும் முடியாது. விரியப்போகும் அளவை முன்பே கழித்துவிடலாம். 10, 20, 30 என்று 100 வரை கட்டங்கள் கொண்ட பட்டையை அதே இயந்திரத்தில், அதே காகிதத்தில், அதே மையில் அச்சிட்டு, மையின் அடர்த்தி காட்டும் டென்சிட்டோமீட்டரால் அளக்க வேண்டும். எந்தப் புள்ளி எவ்வளவு விரிந்தது என்று காட்டும் ஒரு வளைகோடு ஒவ்வொரு மைக்கும் கிடைக்கும். அதைத் திருப்பிப் போட்டுப் பிளேட் எடுக்கும் கணினியில் ஏற்றினால், அது ஒவ்வொரு புள்ளியையும் வேண்டிய அளவு சுருக்கிவிடும். விரிவைச் சுழியாக்குவது நோக்கமல்ல. படத்தைத் தயாரித்தவர் எந்த விரிவை எதிர்பார்த்தாரோ, அதற்குக் கொண்டுவருவதே நோக்கம்.

அப்படி எடுத்த பிளேட் சற்று வெளிறித் தெரியும். பயந்துபோய் மையைக் கூட்டிவிடக் கூடாது. கூட்டினால் புள்ளி இன்னும் பெருக்கும், செய்த கணக்கெல்லாம் வீண். ஆர்ட் பேப்பருக்கு எடுத்த வளைகோட்டை நியூஸ்பிரிண்டுக்கு வைப்பதும் அதே அளவு தவறு. எங்கள் நோட்டீஸுக்கு அழைப்பிதழின் பிளேட்டையே மாட்டியிருந்தார்கள்.